ரெண்டு ஷூ பின்னால்

1

இந்தக் கதை ஓர் அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து வந்தது. முதுகை நேராக்கும் கச்சை ஒன்று வாங்கினேன். (எதற்கு என்று கேட்காதீர்கள். நாள் முழுக்க உட்கார்ந்து எழுதுகிறவன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.) கச்சையோடு வழவழப்பான ஒரு தாளும் இருந்தது. அதில் இரண்டு படங்கள். இரண்டிலும் ஒரு பெண் நீளமான கோலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். ஓடிவந்து, கோலைக் குழியில் ஊன்றி, உயரத்திலிருக்கும் கம்பியைத் தாண்டி மெத்தையில் விழுவார்களே, அந்த விளையாட்டு. முதல் படத்தின் கீழே 'முன்' என்று போட்டிருந்தது. அதில் அவள் கழுத்தை நீட்டி, இடுப்பைத் தாழ்த்தி, பேருந்தைத் தவறவிடப் போகிறவள் மாதிரி ஓடுகிறாள். அடுத்த படத்தின் கீழே 'பின்'. அதில் நெஞ்சு நிமிர்ந்து, முழங்கால் உயர்ந்து, உச்சியில் கயிறு கட்டி யாரோ தூக்கிப் பிடித்த மாதிரி ஓடுகிறாள். இரண்டிலும் முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள்.

எனக்கு இடறியது ஒன்றுதான். 'முன்' படத்தில் கோல் வலப்பக்கம் இருந்தது. 'பின்' படத்தில் இடப்பக்கம். முதுகு நிமிர்ந்தால் கை மாறுமா?

"படத்தைத் திருப்பிப் போட்டிருப்பாங்க. இதுக்கா சாப்பாடு ஆறிக்கிட்டிருக்கு?" என்றாள் என் மனைவி.

நல்ல விளக்கம்தான். ஆனால் நல்ல விளக்கம் கிடைத்ததும் கதை கால் நீட்டிப் படுத்துவிடும். ஆகவே அதைக் காதில் வாங்காமல், இவர்கள் ஒருத்தி இல்லை, இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டேன். சந்தேகம் நன்றாகக் கொழுக்கட்டும் என்று இருவரையும் ஒரே வீட்டில் குடிவைத்தேன். ஒருத்தி அண்ணி. இன்னொருத்தி நாத்தனார்.

கச்சையை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "காலைக் கதிரவன் ஓடுபாதையின் மீது பொற்கம்பளம் விரித்துக்கொண்டிருந்த அந்த இனிய" இதற்கு மேல் போகவில்லை. ஓடுபாதை ரப்பரால் ஆனது. அதன்மேல் கம்பளம் விரித்தால் ஓடுகிறவள் தடுக்கி விழுவாள்.

இரண்டாவது: "கோலூன்றித் தாண்டுபவர்கள் நிமிர்ந்து ஓடுவதால் விளையும் நன்மைகள் பல. அவையாவன:" 'அவையாவன' என்று எழுதிய கையை நானே பிடித்துக்கொண்டேன். நன்மைகளை எடுத்துச் சொல்ல இந்தக் கதையில் ஒருவர் சம்பளத்தோடு வரப்போகிறார். அவர் பிழைப்பை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

மூன்றாவது:

"அண்ணி, உங்க ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கு," என்றாள் நாத்தனார்.

கொக்கு குனிந்து பார்க்கவில்லை.

இது நிற்கிறது. கொக்கு என்பது அண்ணியின் பட்டப்பெயர். ஓடும்போது கழுத்து முன்னால் போவதைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் யாரோ வைத்தது. வீடு மாறியும் கூடவே வந்துவிட்டது. அவள் குனியாததற்குக் காரணம் இரண்டு. உடம்பில் போட்டிருந்த கச்சை, குனிந்தால் கீச்சென்று கத்தும். அதைவிடப் பெரிய காரணம், சொன்னது நாத்தனார்.

லேஸ் அவிழ்ந்துதான் இருந்தது. பாதி ஓட்டத்தில் ஷூ கழன்று ஒரு பக்கம் போக, கொக்கு கோலோடு இன்னொரு பக்கம் போனாள். எழுந்து ஷூவைத் தேடி எடுத்தவள், லேஸின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தானாக அவிழ்ந்ததா, யாராவது அவிழ்த்ததா?

3

அவர்கள் எப்போதுமே இப்படி இல்லை. கொக்கை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்ததே நாத்தனார்தான். "அண்ணா, என்கூட ஒருத்தி தாண்டுறா. நல்ல பொண்ணு, வாய்தான் கொஞ்சம் நீளம். நீ வாயே திறக்க மாட்டே, அதனால சரியா வரும்," என்று தன் அண்ணனிடம் பேசி முடித்துவைத்தவள் அவள். அண்ணன் சலவை இயந்திரம் பழுதுபார்ப்பவன். வீட்டுக் கூடத்தில் நாற்காலியைவிட இயந்திரங்களின் உருளைகள்தான் அதிகம். விருந்தாளி வந்தால் ஓர் உருளையைக் கவிழ்த்து, துண்டால் தட்டி, "உட்காருங்க" என்பான்.

அணியில் கோலூன்றித் தாண்டும் பெண்களுக்கு இரண்டு இடம் என்று இருந்தவரை அந்த வீட்டில் சண்டை வந்ததெல்லாம் குளியலறைக்காக மட்டும்தான். பிறகு தடகளச் சங்கத்திலிருந்து சேதி வந்தது. இந்த முறை ஒரே ஓர் இடம். தேர்வுப் போட்டியில் யார் அதிக உயரம் தாண்டுகிறாளோ அவள் போவாள். இன்னொருத்திக்கு விளையாட்டை விடுகிற வயசு. அடுத்த முறை என்று ஒன்று இருக்காது. இரண்டு பேருக்கும் அந்த வயசுதான்.

அன்றிலிருந்து சோற்றுத்தட்டிலேயே சந்தேகம் வந்து உட்கார்ந்தது. நாத்தனார் இன்னொரு கரண்டி வைத்தால், 'எடை ஏறட்டும்னு பார்க்கிறாளோ?' வைக்காமல் விட்டால், 'தெம்பு இறங்கட்டும்னு பார்க்கிறாளோ?'

"ஏன் தட்டையே பார்த்துக்கிட்டிருக்கீங்க அண்ணி? உப்பு கம்மியா?"

"கம்மின்னு யார் சொன்னா?"

"அப்ப கூடவா?"

"கூடன்னும் சொல்லலையே."

கணவன் தட்டோடு எழுந்துபோய் உருளைமேல் உட்கார்ந்துகொண்டான். இரண்டு பேருக்கு நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் எதையும் அணைக்காமல் கைவைக்கக் கூடாது என்பது தொழில் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது.

4

நிமிர்வு நிபுணர் இங்கே வருகிறார்.

சங்கச் செயலாளர் அவருக்குக் கதவு திறந்துவிட்டார், நாற்காலி இழுத்துப்போட்டார், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக் கொடுத்தார். மண்டபத்தில் விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் படம் ஓட்டினார்கள். முதல் படத்தில் குரங்கு. அடுத்ததில் பாதி நிமிர்ந்த குரங்கு. கடைசியில் நிபுணரே நின்றுகொண்டிருந்தார்.

"குரங்கு நிமிர்றதுக்குப் பல லட்சம் வருஷம் ஆச்சு," என்றார். "என்கிட்ட வந்திருந்தா அவ்வளவு ஆகியிருக்காது."

செயலாளர் கைதட்டினார். அதனால் எல்லோரும் கைதட்டினார்கள்.

(நிபுணருக்குக் கூன் விழுந்த முதுகு வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். நிமிரச் சொல்கிறவருக்குக் கூன், வாசகர் சிரிப்பார். அவ்வளவு சுலபமாக வரும் சிரிப்பின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் முதுகு விளக்குக் கம்பம் மாதிரி இருந்தது. அதில் குறையே சொல்ல முடியாது.)

இதில் வில்லங்கம் என்னவென்றால், அவர் சொன்னது அத்தனையும் சரி. கையில் நீளமான கோல் இருக்கும்போது அதன் நுனி ஆளை முன்னால் இழுக்கும். அதற்குப் பயந்து உடம்பு பின்னால் சாயும், இடுப்பு இறங்கும், பாதம் உடம்புக்கு முன்னால் போய் விழுந்து பிரேக் போடும். கொக்கு அப்படித்தான் உட்கார்ந்துகொண்டே ஓடிக்கொண்டிருந்தாள். கடைசிக் காலடிகளில் குழியைத் தேடிக் கழுத்தும் முன்னால் போய்விடும். இடுப்பை உயரத்தில் நிறுத்தி, முழங்காலைத் தூக்கி, பாதம் உடம்புக்கு நேர் கீழே விழும்படி ஓடினால், கோலின் நுனி தன்பாட்டில் மெல்ல இறங்கும். ஓடுகிறவள் அதற்குத் தாழ வேண்டியதில்லை. நிபுணர் சொன்னது இவ்வளவுதான். இதைச் சொல்ல அவருக்கு மாலை வரை ஆயிற்று.

பிறகு கச்சையை எடுத்துக் காட்டினார். முதுகு சாய்ந்தால் கீச்சென்று கத்தும். கழுத்து நீண்டால் இரண்டு முறை கத்தும்.

"கொக்குத் தலையில வெண்ணெய் வைக்கிற வேலை," என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுக்க, எல்லோரும் திரும்பி நம் கொக்கைப் பார்த்தார்கள். முணுமுணுத்தவர் கோச். இத்தனை வருஷமாக அவளுக்கும் நாத்தனாருக்கும் பயிற்சி கொடுத்து வருகிறவர். அழைப்பிதழில் அவர் பெயர் அச்சகத்தின் பெயருக்கு மேலே, அதே அளவு எழுத்தில் இருந்தது.

கூட்டம் முடிந்ததும் நிபுணர் அவர் தோளில் கைபோட்டார். "பயப்படாதீங்க. வேலையைப் பிரிச்சுக்குவோம். இடுப்புக்கு மேல எல்லாம் என் பொறுப்பு. கீழே நீங்க பார்த்துக்குங்க."

"சரிங்க சார்," என்றார் கோச், விசில் கயிற்றைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டே. அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. ஓடுபாதையின் நடுவில், கால்களைக் கவனிக்க வசதியாகப் போட்டிருந்த தன் முக்காலியை எடுத்துக்கொண்டு தண்ணீர்த்தொட்டி நிழலுக்குப் போய்விட்டார்.

கச்சை ஒன்றுதான் இருந்தது. அது கொக்குக்குக் கிடைத்தது. நாத்தனாருக்கு வேண்டாமென்று நிபுணரே சொல்லிவிட்டார்: "இந்தப் பொண்ணு ஏற்கெனவே நிமிர்ந்துதான் இருக்கு. இதுல எனக்கு என்ன வேலை?"

5

வேலை நடந்தது. கொக்கு கூடத்தில் துடைப்பக் கட்டையைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழங்காலைத் தூக்கித் தூக்கி நடந்தாள். கணவன் குனிந்தே வீட்டுக்குள் வந்துபோனான். மைதானத்தில் சின்னச்சின்னக் கட்டைகளை வரிசையாக வைத்து அவற்றுக்கு மேலே கோலோடு ஓடினாள். முதல் வாரம் கச்சை கிளிக்கூண்டு மாதிரிக் கத்தியது. பிறகு அவ்வப்போது. பிறகு ஒரு நாள் ஓட்டம் முழுக்கக் கத்தவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டதென்று நினைத்தாள். நிபுணர் கழற்றிப் பார்த்துவிட்டு, "பேட்டரி நல்லாத்தான் இருக்கு. நீதான் நிமிர்ந்துட்டே," என்றார். அதைத் தன் கைப்பேசியைப் பார்த்து இன்னொரு முறை சொல்லி, படமும் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்துதான் தொல்லை.

இதை நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். கதையே இதில்தான் நிற்கிறது. ஓட்டம் தொடங்கும் இடத்தில் பாதையோரம் ஒரு துண்டு வெள்ளை நாடா ஒட்டுவார்கள். அதற்கு மார்க் என்று பெயர். அங்கிருந்து கிளம்பி, எப்போதும் வைக்கிற அத்தனை எட்டு வைத்தால், எப்போதும் எழும்புகிற அதே இடத்தில் கடைசிக் கால் விழ வேண்டும். கால் அந்த இடத்தைத் தாண்டிக் குழிக்கு நெருக்கமாக விழுந்தால் தொலைந்தது. கோல் வளைவதற்கு முன்பே தோளைப் பிடித்து இழுத்து, வந்த பாதையிலேயே ஆளைத் தூக்கிப் போட்டுவிடும்.

கொக்கு நிமிர்ந்த நாளிலிருந்து அவள் கால் நெருக்கமாக விழுந்தது. ஒவ்வொரு முறையும்.

(கோலூன்றித் தாண்டுகிற யாராவது இதைப் படித்தால் இந்த இடத்தில் சிரிப்பார்கள். இடுப்பு உயர்ந்தால் எட்டு நீளும், எட்டு நீண்டால் மார்க்கைப் பின்னால் தள்ள வேண்டும், இதுகூடவா தெரியாது? தெரியும். இளையவர்கள் எத்தனையோ பேருக்குக் கொக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். தன் விஷயத்தில்தான் கணக்கு வேறாகப் போயிற்று. உட்கார்ந்து ஓடும்போது மூச்சு வாங்கும், தொடை எரியும். வேகமாக ஓடுகிற நினைப்பு வரும். நிமிர்ந்து ஓடும்போது எதுவும் எரியவில்லை. ஆகவே மெதுவாக ஓடுகிறோம் என்று நம்பினாள். மெதுவாக ஓடினால் கால் எட்டாமல்தானே போக வேண்டும்? தாண்டி விழுகிறதென்றால் மார்க்கை யாரோ குழிப்பக்கம் நகர்த்துகிறார்கள்.)

அந்த யாரோ யார் என்று கேட்கவே வேண்டாம். நாத்தனார் இடக்கைக்காரி. அவளுடைய மார்க் பாதையின் இடது ஓரம், கொக்கினுடையது வலது ஓரம், நடுவில் ஒரு பாதை அகலம்தான்.

கொக்கு அளவு நாடாவை வைத்து அளந்தாள். மார்க் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஓடினாள். கால் நெருக்கமாக விழுந்தது. அளவு நாடாவின் மேல் சந்தேகம் வந்தது. துணி நாடா, இழுத்தால் நீளும். வீட்டில் அதை எடுத்துவைப்பது யார்? கடைக்குப் போய் இரும்பு நாடா வாங்கி வந்து அளந்தாள். அதுவும் அதையே சொன்னது. குழியைச் சந்தேகப்பட முடியவில்லை. அது காங்கிரீட்டில் பதித்தது. காலால் ஒரு முறை உதைத்துப் பார்த்ததோடு விட்டாள்.

கடைசியில் எல்லாம் விளங்கிவிட்டது. நாத்தனார், இவள் ஓடுவதற்கு முன்னால் மார்க்கை நகர்த்துகிறாள். அளப்பதற்கு முன்னால் திருப்பி வைத்துவிடுகிறாள். தடயமே இல்லாததுதான் பெரிய தடயம்.

வீட்டில் கணவனிடம் மெல்லக் கேட்டாள். "உங்க தங்கச்சி சின்ன வயசுல பொருளை இடம் மாத்தி வைப்பாளா?"

"எந்தப் பொருளை?"

"ஏதோ ஒரு பொருளை."

அவன் யோசித்தான். "என் செருப்பை ஒருதடவை ஒளிச்சு வச்சா."

கொக்குக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் அவன் நல்லவன் மாதிரி இன்னும் ஒன்று சொன்னான். "மெஷின் குலுங்குதுன்னு கூப்பிடுவாங்க. போய்ப் பார்த்தா மெஷின்ல ஒண்ணும் இருக்காது. தரை கோணலா இருக்கும். முதல்ல தரையைப் பாரு."

அவன் தொழில் அறிவு அவனுக்குச் சோறு போடுகிறது. இந்த ஒரு முறை பொருந்தவில்லை. தரை நேராகத்தான் இருந்தது. குலுங்காமல் நிமிர்ந்த இயந்திரம்தான் தன்னை அறியாமல் எட்டிப் போட்டுக்கொண்டிருந்தது. கொக்கு அவன் பேச்சில் செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுநாளிலிருந்து நாத்தனாருக்கு முதுகு காட்டாமல் ஓடுபாதைக்கு நடக்கப் பழகினாள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் கோச் தண்ணீர்த்தொட்டி நிழலை விட்டு எழுந்து வந்தார். ஓடுபாதையின் நடுவில் நின்று, கொக்கு ஓடும்போது அவள் பாதம் விழுந்த இடத்தைப் பார்த்தார். அங்கே கிடந்த கூழாங்கல்லை ஷூ நுனியால் தள்ளிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டார்.*

* இந்தப் பத்தியை ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

6

இந்த இடத்தில் நாத்தனாரை விசாரிப்பது என் கடமை. அவள் மனசுக்குள் போய் ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"யாரும் இல்லாத நேரம் பார்த்து நாத்தனார் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வெள்ளை நாடாவின் ஓரத்தை நகத்தால் நெம்பி, பிசின் சத்தம் கேட்காதபடி மெல்ல"

நிறுத்திவிட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. 'நீங்களுமா?' என்கிற பார்வை. குற்றம் செய்ய வைக்கலாம் என்று பார்த்தால் அவள் கை நாடாவைத் தொட மாட்டேன் என்கிறது. நல்லவளாக்கிவிடலாம் என்று இன்னொரு பத்தி எழுதினேன். அதில் அவள் அண்ணிக்காகக் கண்ணீர் விட்டாள். அதை நானே நம்பவில்லை. அவளுக்கும் அந்த ஓர் இடம் வேண்டும். கொக்கு தடுமாறி விழும் ஒவ்வொரு முறையும் அவளுக்குள் ஏதோ ஒன்று லேசாகத் துள்ளியிருக்கும். இல்லையென்று அவள் சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன், ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆகவே வேறு பக்கம் பார்த்தேன். அந்தக் கூழாங்கல்.

இடுப்புக்குக் கீழே கோச்சின் பொறுப்பு. பாதம் இடுப்புக்குக் கீழேதான் இருக்கிறது. பாதம் எங்கே விழுகிறது என்று பார்த்தே ஆயுளைக் கழித்தவர், கொக்கின் எட்டு நீண்டுவிட்டதை ஒரே பார்வையில் கண்டிருப்பார். "மார்க்கைப் பின்னால தள்ளு" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொன்னால் கொக்கு தாண்டிவிடுவாள். கொக்கு தாண்டினால் நிபுணர் திரையில் இன்னொரு படம் சேரும்: குரங்கு, பாதி நிமிர்ந்த குரங்கு, கொக்கு. சொல்லாவிட்டால் நிமிர்வு என்பதே பம்மாத்து என்று ஊருக்குத் தெரியும்.

அவர் சொல்லவில்லை. கொக்கின் ஓர் இடம் அவருடைய வாய்க்குள் பத்திரமாக இருந்தது.

அல்லது வெயிலில் அவருக்குச் சரியாகத் தெரியாமல் இருந்திருக்கலாம். வயசாகிவிட்டது. கூழாங்கல்லைத் தள்ளியது, யாரும் வழுக்கி விழக் கூடாதென்ற நல்லெண்ணமாகவும் இருக்கலாம். அவர் என்னிடமும் அதிகம் பேசுவதில்லை.

7

தேர்வுப் போட்டி. செயலாளர் குடை பிடித்துச் சங்கத் தலைவரை அழைத்து வந்தார். வெயில் இல்லை, மழையும் இல்லை. நிபுணர் கைப்பேசியை ஒரு முக்காலித் தாங்கியில் நிறுத்தி, மெத்தைக்கு எதிரே இடம் பிடித்துக்கொண்டார். போட்டியில் கச்சை போட அனுமதி கிடையாது. இருந்தும் கொக்கு நிமிர்ந்துதான் நடந்தாள். இனி அவள் நினைத்தாலும் பழையபடி வளைய வராது.

மற்றவர்கள் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். குறைந்த உயரங்களைக் கொக்கு கைப்பலத்தால் எப்படியோ ஒப்பேற்றினாள். கம்பியை ஏற்றினார்கள். நாத்தனார் இரண்டாவது முயற்சியில் தொடை உரசி, கம்பி ஆடி, விழாமல் நின்று, தாண்டிவிட்டாள். கொக்குக்கு அதே உயரத்தில் இரண்டு முயற்சி போயிற்று. இரண்டு முறையும் கால் நெருக்கமாக விழுந்து, கோல் அவளை வந்த வழியே திருப்பி அனுப்பியது. இன்னும் ஒன்றுதான் பாக்கி. இதைத் தாண்டிவிட்டால் அடுத்த உயரம் நாத்தனாருக்கு இதுவரை ஒருநாளும் ஆகாதது. கொக்கு அதைப் பழைய கோணல் ஓட்டத்திலேயே தாண்டியிருக்கிறாள். அதாவது, இப்போது கொக்கு விழுந்தால் நாத்தனார் போகிறாள். விழாவிட்டால் பெரும்பாலும் கொக்கு போகிறாள்.

இது மூன்று பேருக்கும் தெரியும், உங்களையும் சேர்த்து.

நாத்தனார் தண்ணீர் பாட்டிலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொக்கு பாட்டிலை வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, மார்க்கை ரெண்டு ஷூ பின்னால தள்ளுங்க."

கொக்கு திரும்பவில்லை. "என்ன சொன்னே?"

"ரெண்டு ஷூ நீளம். மார்க்கு எங்கேயும் நகரலை. நீங்கதான் நீளமா ஓடுறீங்க."

"நான் மெதுவா ஓடுறேன்."

"உங்களுக்கு அப்படித் தோணுது. வெளியே நின்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியும். ரயில் மாதிரி வர்றீங்க."

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"கீச்சுச் சத்தம் நின்ன அன்னிலேருந்து."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? லேஸ் அவிழ்ந்திருக்குன்னு சொன்னதுக்கே குனிஞ்சு பார்க்கலை. இரும்பு டேப்பு வாங்கிட்டு வந்து சமையல் மேடைக்கு அடியில ஒளிச்சு வச்சீங்க. அது என் கால்ல விழுந்து இன்னும் வீங்கியிருக்கு."

கொக்கு பாட்டிலை நாத்தனாரிடமே திருப்பிக் கொடுத்தாள். "சரி. இன்னிக்கு ஏன் சொல்றே? நான் விழுந்தா உனக்குத்தானே நல்லது."

"நல்லதுதான். இல்லைன்னு சொல்லலை," என்றாள் நாத்தனார். பாட்டில் மூடியைத் திருகித் திருகித் திறந்தாள், மூடினாள். "ஆனா நீங்க விழுந்துட்டு வீட்டுக்கு வந்தா, நான்தான் மார்க்கை நகர்த்தினேன்னு சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பீங்க. வாயால சொல்ல மாட்டீங்க. தட்டைப் பார்த்துச் சொல்வீங்க. ஒரே வீட்டுல இருக்கணும்ல அண்ணி. நானும் அந்தச் சோத்தைத்தானே தின்னணும்."

கொக்கு எழுந்து கைப்பிடிச் சுவர் வரை போனாள். கோச் அந்தப்பக்கம் நின்றிருந்தார்.

"கோச், மார்க்கை மாத்தணுமா?"

அவர் அவளைப் பார்த்தார். மெத்தைக்கு எதிரே கைப்பேசியைத் துடைத்துக்கொண்டிருந்த நிபுணரைப் பார்த்தார். விசில் கயிறு சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டது.

"போட்டி நாள்ல மார்க்கு மேல கைவைக்காதே," என்றார். "மாத்தினவ யாரும் உருப்பட்டதில்லை."

இது பொய்யில்லை. எல்லா மைதானத்திலும் எல்லாப் பயிற்சியாளரும் சொல்கிற வார்த்தைதான். நாத்தனார் சொன்னதும் பொய்யில்லை, ஒரு பாதி வரைக்கும். பின்னால் தள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ரெண்டு ஷூவா, ஒரு ஷூவா? ஒன்று போதுமென்ற இடத்தில் ரெண்டு தள்ளினால், கால் எட்டாமல் போய், கோல் பாதி வழியில் சரிந்துவிடும். அண்ணிக்கு உதவி செய்த நல்ல பெயரும் நாத்தனாருக்கு, அந்த இடமும் நாத்தனாருக்கு. லேஸ் விஷயத்தில் அவள் உண்மைதான் சொன்னாள். பெரிய பொய் சொல்ல நினைக்கிறவர்கள் முதலில் சின்ன உண்மைகளைத்தான் கடனாகக் கொடுப்பார்கள். உண்மை மட்டுமே சொல்கிறவர்களும் அதையேதான் செய்வார்கள். வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது. நானோ வெளியே நிற்கிறவன்.

8

முடிவுகள் சிலவற்றை எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் கொக்கு ரெண்டு ஷூ தள்ளுகிறாள், காற்றாக எழும்புகிறாள், மேலேயிருந்து பார்க்கும்போது நாத்தனார் கைதட்டுவது தெரிகிறது. இதைப் படித்துவிட்டு நானே கைதட்டினேன். பிறகு சுற்றிப் பார்த்தேன், யார் என்னைத் தட்டவைத்தது என்று.

இன்னொன்றில் கோச் சொன்னபடி பழைய மார்க்கிலிருந்து ஓடுகிறாள், விழுகிறாள். அன்று வீட்டில் நாத்தனார் அவளுக்கு இன்னொரு கரண்டி சோறு வைக்கிறாள். கொக்கு தட்டைப் பார்

இதை முடிக்க மனசு வரவில்லை.

மூன்றாவது நிபுணருடையது. யார் தாண்டினாலும் அவருக்குக் கவலையில்லை. கொக்கின் பழைய படம் கையில் இருக்கிறது, அதன் கீழே 'முன்' என்று போட்டாயிற்று. ஜெயிக்கிறவள் யாரோ அவள் படத்தின் கீழே 'பின்'. முகத்தை மங்கலாக்கிவிட்டால் தீர்ந்தது.

இப்போது என் மேசைமேல் கிடக்கும் அந்த வழவழப்புத் தாளை எடுத்துப் பார்க்கிறேன். 'பின்' படத்தில் கோல் இடப்பக்கம். இடக்கைக்காரி. அப்படியானால் கொக்கு விழுந்துவிட்டாளா?

"படத்தைத் திருப்பிப் போட்டிருப்பாங்கன்னு அன்னிக்கே சொன்னேன்ல," என்கிறாள் மனைவி, அடுத்த அறையிலிருந்து. நான் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. இவளுக்கு எப்படித் தெரிந்தது?

சரி. அங்கே கடிகாரத்தை ஓடவிட்டுவிட்டார்கள். அது பூஜ்யத்துக்கு வருவதற்குள் கொக்கு கிளம்ப வேண்டும். பழைய மார்க்கில் நிற்கிறாள். வலது ஓரத்து வெள்ளை நாடாவை உரித்துத்தான் விட்டாள். அது விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு படபடக்கிறது. இன்னொரு கை கோலைத் தூக்கிவிட்டது. நுனி மேலே, இடுப்பு உயரே, கழுத்து இருக்க வேண்டிய இடத்தில். நிபுணர் பார்த்தால் மெய்சிலிர்ப்பார், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். நாத்தனார் ஒரு பக்கம், கோச் ஒரு பக்கம். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேரே உங்களைப் பார்க்கிறாள். இத்தனை நேரம் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்த ஆள் நீங்கள் ஒருவர்தான். அவளிடம் இன்னும் பொய் சொல்லாதவரும் நீங்கள் மட்டும்தான்.

நாடாத் துண்டை நீட்டுகிறாள். வாங்கிக்கொள்ளுங்கள். பழைய இடத்திலேயே ஒட்டுவதா, ஒரு ஷூ தள்ளியா, ரெண்டு ஷூ தள்ளியா, உங்கள் பாடு. எங்கே ஒட்டினாலும் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும். அவளால் இனி முடியாது.